பத்துக் கிலோ பரங்கிக்காயைப் பறித்த பிறகு என்ன செய்வது?

வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையில் பரங்கி விதையைப் போட்டுவிட்டால், சில மாதங்களில் எட்டுக் கிலோ, பத்துக் கிலோவில் ஒரு காய் கைக்கு வந்துவிடுகிறது. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு வேளைக் கூட்டுக்கு அரைக் கிலோவே தாராளம். முதல் முறை பெரிய காய் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆசையில் அன்றைக்கே வெட்டிவிடுகிறார்கள். மறுநாள் ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடம் இருக்காது. ஒரு வாரத்தில் பாதிக் காய் கொழகொழவென்று குப்பைக்குப் போகும்.

வெட்டாத பரங்கிக்காய்க்கு அதன் தோல்தான் டப்பா. தோல் முழுசாக இருக்கும்வரை மாதக்கணக்கில் தாங்கும். கத்தி பட்டுவிட்டால் நாள் கணக்குதான். அதனால் பாதுகாப்பு வேலையில் முக்கால்வாசி, காயை வெட்டாமல் தோலைக் காப்பாற்றுவதிலேயே இருக்கிறது. ஃப்ரீசர், வற்றல், அல்வா எல்லாம் அதற்கு அப்புறம்.

நான் சொல்வது மஞ்சள் சதை உள்ள காயைப் பற்றி: பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, கொங்குப் பக்கம் அரசாணிக்காய். சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியையும் முழுசாக வைக்க இதே முறைதான். ஒரே வித்தியாசம், அதன் மேலிருக்கும் சாம்பலைத் துடைக்கக் கூடாது. அந்த மெழுகுப் பூச்சுதான் அதைக் காக்கிறது.

முற்றிவிட்டதா என்று பார்ப்பது

இளங்காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிற்காது. பிஞ்சுப் பரங்கியின் ருசி தனிதான். அதைப் பறித்த வாரமே சமைத்துவிடுங்கள். வைத்துச் சாப்பிட வேண்டிய காய் கொடியிலேயே நன்றாக முற்ற வேண்டும்.

முதலில் காம்பைப் பாருங்கள். பச்சையும் சாறுமாக இருந்த காம்பு வெளிறி, காய்ந்து, மரத்தன்மைக்கு வந்திருக்க வேண்டும். அடுத்தது தோல். இளங்காயில் இருக்கும் பளபளப்பு போய், மங்கலாக, லேசான மாவு பூசினாற்போல் இருக்கும். கட்டைவிரல் நகத்தால் ஓரமாக அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் சரி. தரையில் படுத்திருந்த பக்கம் வெளிர்ப்பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கும். தட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. காது பழகும்வரை நகத்தை நம்புவதே நல்லது.

ரகத்தைத் தெரிந்துகொண்டால் நாள் கணக்கும் கிடைக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் 175 நாள் பயிர், காய் 7 முதல் 8 கிலோ வரும். கோ 2 ரகம் 135 நாள், காய் 1.5 முதல் 2 கிலோதான். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சூர்யமுகி ஏறக்குறைய ஒரு கிலோ காய். சிறிய குடும்பம் என்றால் அடுத்த பட்டத்தில் கோ 2 அல்லது சூர்யமுகி போடுங்கள். பத்துக் கிலோக் காயைக் காப்பாற்றுவதைவிட இரண்டு கிலோக் காய் ஐந்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சமைப்பது எவ்வளவோ எளிது.

ஆடிப்பட்டத்தில் போட்ட நீண்ட நாள் ரகம் மார்கழி, தை வாக்கில் முற்றும். அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் காய் தரையில் கிடந்து தாங்கியாக வேண்டும். அதனால் காய் தேங்காய் அளவு வந்ததுமே அடியில் வைக்கோல், பழைய ஓடு, பலகைத் துண்டு ஏதாவது கொடுத்துவிடுங்கள். ஈர மண்ணில் அடிப்பக்கம் நைந்துபோன காயை எப்படி வைத்தாலும் நிலைக்காது. மார்கழியில் கோலத்தில் வைக்கப் பூப் பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூவின் அடியில் குட்டிக் காய் இல்லாமல் நீளக் காம்போடு நிற்பது ஆண் பூ. அதைப் பறித்துக்கொள்ளுங்கள், கொடியில் ஒன்றிரண்டை மட்டும் மகரந்தத்துக்கு விட்டுவையுங்கள்.

பறிப்பது

பறிக்க ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடலாம். மழை இல்லாத நாளாக, பனி ஈரம் காய்ந்த பிறகு இறங்குங்கள்.

காம்பைத் திருகாதீர்கள், ஒடிக்காதீர்கள். கூரான கத்தியாலோ கத்தரியாலோ நாலு விரற்கடை காம்பு காயோடு நிற்கும்படி வெட்டுங்கள். காம்பு காயோடு சேரும் இடம்தான் அழுகல் உள்ளே நுழையும் முதல் வாசல். காம்பு அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த வாசல் திறந்துகிடக்கிறது என்று பொருள். அப்படி ஆன காயைத் தனியே வைத்து முதலில் சமைத்துவிடுங்கள். அதே காரணத்துக்காகத்தான் காம்பைக் கைப்பிடியாக்கித் தூக்கக் கூடாது என்பதும். பத்துக் கிலோ எடையைக் காய்ந்த காம்பு தாங்காது. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். வெட்டுவாயில் சாறு கசிந்தால் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தொட்டு வைக்கலாம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கூரையிலோ பந்தலிலோ ஏறிய கொடியென்றால் கீழே ஒருவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே உள்சதை கன்றிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது; சில வாரம் கழித்து அந்த இடம்தான் முதலில் மெத்தென்று ஆகும்.

இறக்கியதும் காயைச் சுற்றிலும் பாருங்கள். குண்டூசி முனை அளவு துளையும் அதில் பிசின் மாதிரி உறைந்த துளியும் இருந்தால் அது பழ ஈ குத்திய அடையாளம். காய் இளசாக இருக்கும்போது ஈ உள்ளே முட்டையிட்டிருக்கும். அந்தக் காயைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். வெட்டிப் பார்த்து, புழு இல்லாத பகுதி தேறினால் அன்றே சமையுங்கள். புழு வைத்த பகுதியைக் குப்பைக்குழியில் மேலாகப் போடாமல் ஆழப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பட்டத்துக் காய்க்கும் அதே ஈ வந்து நிற்கும். காய்ந்து தழும்பான கீறல்கள் பரவாயில்லை, அவை தோலோடு ஆறிப்போனவை.

காயைக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணைக் காய்ந்த துணியால் தட்டிவிட்டால் போதும்.

தோல் இறுக விடுவது

பறித்த காய்க்கு 10 முதல் 14 நாள் ஓய்வு வேண்டும். இந்த நாட்களில் மேல்தோல் இன்னும் கெட்டிப்படும், சின்னக் கீறல்கள் ஆறும், காம்பின் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். சுமார் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நல்ல காற்றோட்டமும் இருந்தால் இது சரியாக நடக்கும்.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டுச் சிலர் காயை மொட்டை மாடி வெயிலில் போட்டுவிடுகிறார்கள். அங்கே இலையுதிர்காலத்தில் அந்த வெப்பத்துக்காக வெயிலைத் தேட வேண்டியிருக்கிறது. நமக்குத் திண்ணை நிழலிலேயே அது வருடத்தில் பாதிக்கு மேல் கிடைக்கிறது. உச்சி வெயிலில் சிமெண்டுத் தளத்தில் கிடந்தால் தோல் வெந்து, அந்த இடம் வெளுத்து, பின்னால் அழுகும். தாழ்வாரம், திண்ணை, காற்று வரும் ஜன்னலோரம் போதும். காயை இரண்டு நாளுக்கு ஒரு முறை பக்கம் மாற்றி வையுங்கள். மழைக்காலமாக இருந்து காற்றே ஈரமாக இருந்தால் மின்விசிறியின் கீழ் சில மணி நேரம் விடலாம்.

இந்த இடைவெளியில் ருசியும் கூடுகிறது. காய்க்குள் இருக்கும் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறிக்கொண்டே இருக்கும். பறித்த அன்று சமைத்த காய்க்கும் மூன்று வாரம் கழித்துச் சமைத்ததற்கும் இனிப்பில் வித்தியாசம் தெரியும்.

எங்கே, எப்படி வைப்பது

புத்தகப்படி முழுக் காய்க்கு ஏற்ற இடம் 10 முதல் 13 டிகிரி குளிர்ச்சியும், ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதமும் உள்ள அறை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு வேண்டுமானால் அது வாய்க்கும். சமவெளியில் வாய்க்காது. ஃப்ரிட்ஜும் மாற்று ஆகாது, அது 4 டிகிரி. பத்து டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் முழுப் பரங்கியின் தோலில் குழிவிழுந்து, வெளியே எடுத்ததும் வேகமாக அழுகிவிடும். ஆகவே குளிர்ச்சியை மறந்துவிட்டு நிழல், காற்று, காய்ந்த இடம் என்ற மூன்றையும் பார்த்தால் போதும். நன்றாக முற்றிய, காயம் படாத காய் இப்படி இரண்டு மாதம் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு மேலும் நின்றால் லாபம்.

வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். தரையின் ஈரம் அடிப்பக்கத்தில் தங்கிவிடும். பானை வைக்கும் பிரிமணை வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல ஆசனம் வேறில்லை. காய் உருளாது, அடியில் காற்றும் போகும். இல்லையென்றால் வைக்கோல், கயிற்றுக் கட்டில், மரப்பலகை, பழத்தட்டுகளின் பிளாஸ்டிக் கிரேட் எதுவும் ஆகும். அந்தக் காலத்தில் உத்தரத்தில் உறி கட்டித் தொங்கவிட்டார்கள். எலித் தொல்லை உள்ள வீட்டில் இப்போதும் அதற்கு இணையான ஏற்பாடு கிடையாது. கயிறு காயின் அடியைத் தாங்க வேண்டும், காம்பில் கட்டித் தொங்கவிடக் கூடாது.

பரண் என்றால் யோசியுங்கள். ஓட்டு வீட்டுப் பரண் பரவாயில்லை. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் காய் வெந்துவிடும். சமையலறை அலமாரியின் அடித்தட்டும் வேண்டாம், அங்கே காற்றும் இல்லை, யாரும் எட்டிப்பார்ப்பதும் இல்லை. பழுக்க வைத்த மாம்பழம், வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பரங்கியையும் சீக்கிரம் மூப்படையச் செய்யும்.

ஒன்றுக்கு மேற்பட்ட காய் இருந்தால் ஒன்றையொன்று தொடாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் பறித்த தேதியைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

வாரம் ஒரு முறை கை வைத்துப் பாருங்கள்

கண்ணால் பார்த்தால் போதாது. காயைத் தூக்கி அடிப்பக்கத்தையும் காம்பைச் சுற்றியும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருக்கிறதா, அப்படியே வையுங்கள். எடை கொஞ்சம் குறைவது இயல்பு, நீர் வற்றுகிறது. ஓரிடம் மெத்தென்று அழுந்தினாலோ, ஈரமான பழுப்பு வட்டம் தெரிந்தாலோ, காம்படியில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தாலோ அன்றைக்கே வெட்டியாக வேண்டும். கெட்ட இடத்தைச் சுற்றி இரண்டு விரற்கடைக்குக் குறையாமல் நல்ல சதையையும் சேர்த்து நீக்கிவிட்டு, மீதி உறுதியாகவும் நல்ல வாசனையோடும் இருந்தால் சமைக்கலாம். உள்ளே புளித்த வாடை அடித்தாலோ, சதை நீர்விட்டுக் கொழகொழவென்று இருந்தாலோ முழுசையும் எருக்குழிக்கு அனுப்புங்கள்.

நெடுநாள் வைத்த காயை வெட்டினால் விதைகள் உள்ளேயே முளைவிட்டிருப்பதைப் பார்க்க நேரலாம். பயப்பட ஒன்றுமில்லை. சதை உறுதியாக இருந்தால் முளைகளை வழித்துப் போட்டுவிட்டுச் சமையுங்கள், நார் மட்டும் சற்று அதிகம் இருக்கும்.

கசப்பு வேறு விஷயம். எந்தப் பரங்கியாக இருந்தாலும் வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் விட்டுவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற பொருள் அந்தக் கசப்பைத் தருகிறது. வேகவைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். வெல்லம் போட்டுச் சரிக்கட்டும் வேலை வேண்டாம்.

வெட்டும் நாள்

பெரிய காயை வெட்ட நாள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது ஜோசியத்துக்காக அல்ல. வெட்டிய அன்றே ஒரு பங்கு சமையலுக்கு, ஒரு பங்கு அக்கம்பக்கத்துக்கு, ஒரு பங்கு ஃப்ரீசருக்கு என்று பிரித்துவிட வேண்டும். மூன்று மணி நேரம் கையில் இருக்கிற நாளாகப் பாருங்கள். பொங்கல், திருவாதிரைக் கூட்டு, வீட்டில் விசேஷம் என்று வந்தால் அதுவே சரியான சாக்கு. எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கிலோக் கீற்றுக் கொடுத்தனுப்புவதைவிடச் சிக்கனமான பாதுகாப்பு முறை எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்தில் அவர்கள் வீட்டு முருங்கைக்காய் திரும்பி வரும்.

இப்போதுதான் காயைக் கழுவ வேண்டும். நன்றாகத் துடைத்துவிட்டு, தரையில் ஈரத்துணி விரித்து அதன்மேல் உட்கார வையுங்கள், நழுவாது. பத்துக் கிலோக் காயை அரிவாள்மனையில் தூக்கிப் பிடித்து நறுக்குவது ஆபத்து. கனமான கத்தியைக் காம்புக்குப் பக்கத்தில், இரண்டு வரிக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறக்கி, கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். இரண்டாகப் பிளந்ததும் வெட்டிய பக்கத்தைக் கீழே கவிழ்த்துவிட்டால் மீதி வேலை எளிது. விதையையும் நாரையும் உடனே வழித்தெடுங்கள். கெட்டுப்போவது அங்கேதான் முதலில் தொடங்கும்.

தோலோடு கூடிய கீற்றுகளை ஈரம் போகத் துடைத்து, மூடிய டப்பாவிலோ பையிலோ ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். தோல் சீவி நறுக்கிய துண்டுகளை இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டியதற்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃப்ரீசர்

மிஞ்சிய காய்க்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு வழி இருக்கிறது.

சாம்பார், கூட்டு, எரிசேரிக்கு: தோல் சீவி ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் நீரில் 2 முதல் 3 நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். இப்படிச் செய்யாமல் பச்சையாக உறைய வைத்தால் நாளாக ஆக நிறமும் மணமும் மங்கும். வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஃப்ரீசரில் வையுங்கள். கெட்டியானதும் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். தட்டில் பரப்பாமல் நேராகப் பையில் போட்டால் ஒரே பாறையாகி, கால் கிலோ வேண்டும்போது சுத்தியல் தேட வேண்டியிருக்கும்.

அல்வா, சூப், சப்பாத்தி மாவு, அடை மாவுக்கு: ஆவியில் நன்றாக வேகவைத்து மசித்து, நீர் அதிகமிருந்தால் வடிகட்டி, ஆறிய பின் ஒரு கப் அளவாகப் பைகளில் போட்டுத் தட்டையாக அமுக்கி வையுங்கள்.

சமைக்கும்போது துண்டுகளைக் கரைய விடாமல் அப்படியே கொதிக்கிற குழம்பில் போடலாம். உறைந்து கரைந்த காய் குழைவாகத்தான் இருக்கும், பொரியலுக்கு ஆகாது. ஃப்ரீசர் -18 டிகிரியில் ஒழுங்காக ஓடினால் எட்டு மாதத்துக்கும் மேல் வைக்கலாம். மின்வெட்டு நீண்டு முழுசாகக் கரைந்து சூடேறிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

வற்றல்

சித்திரை, வைகாசி வெயில் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். கால் அங்குலத்துக்கும் மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவையுங்கள். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனியில் விட்டால் பூஞ்சை வரும். வளைத்தால் ஒடிகிற பதம் வந்த பிறகே பாட்டிலில் அடைக்கலாம். முதல் வாரம் பாட்டிலின் உள்பக்கம் வியர்க்கிறதா என்று பாருங்கள். வியர்த்தால் மறுபடி ஒரு வெயில் காட்டுங்கள். வற்றல் குழம்பில் நன்றாக இருக்கும். இனிப்புக் காய் என்பதால் எண்ணெயில் பொரித்தால் சட்டென்று கருகும், சுண்டைக்காய் வற்றல் மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

அல்வா, ஜாம், பாட்டிலில் அடைப்பது

நெய் தாராளமாக விட்டுக் கிளறிய அல்வா ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஜாம் செய்தால் சர்க்கரையோடு எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அதையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

வேகவைத்து மசித்த பரங்கியைப் பாட்டிலில் அடைத்து, பாட்டிலைக் கொதிநீரில் வைத்து எடுத்து, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கும் முறையைச் செய்யவே செய்யாதீர்கள். பரங்கியில் புளிப்பு கிடையாது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத, ஈரமான உணவில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி நச்சு உண்டாக்கும்; அதன் வித்துகள் கொதிநீர் வெப்பத்தில் சாவதில்லை. மசியல் கெட்டியாக இருப்பதால் பாட்டிலின் நடுப்பகுதிக்குச் சூடு ஒழுங்காகப் போய்ச் சேருவதும் இல்லை. நச்சு உண்டான உணவு நாற்றமோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். நம் பிரஷர் குக்கரில் வைத்து எடுத்தாலும் அது பாதுகாப்பான அடைப்பு ஆகாது.

விதை

காயை வழித்த நாரோடு விதையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் பிரிந்துவிடும். தின்பதற்கு என்றால் துடைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் வறுத்து உப்புத் தூவுங்கள்.

விதைப்புக்கு எடுப்பது அப்படி அல்ல. நன்றாக முற்றிய, இனிப்பான, வெகுநாள் தாங்கிய காயிலிருந்து மட்டும் எடுங்கள். பருத்த விதைகளாகப் பொறுக்கி, நிழலில் ஒரு வாரம் காயவையுங்கள். வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்தது என்று அறியலாம். சாம்பல் புரட்டி, துணிப்பையிலோ காகித உறையிலோ தேதி எழுதி வைத்தால் மூன்று வருடம் வரை முளைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் வேறு ரகப் பரங்கி இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிட்டிருக்கும், அப்போது விதை தாய்க்காய் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைப் பூசணியோடு கலந்துவிடும் என்று சிலர் கவலைப்படுவார்கள். அது வேறு இனம், கலக்காது.

அடுத்த விதைப்பு ஆடியிலோ தையிலோ. குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, முளைத்த பின் நல்லதாக இரண்டை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள்.